ஐந்தாவது உறுதி

டெட்ராய்ட்
1937 ஜனவரி 11

மதிப்புக்குரிய ரெவரெண்ட் லூஷியஸ் டாலிவர் அவர்களுக்கு,

இப்படித்தானே உன்னை எல்லோரும் இப்போது அழைக்கிறார்கள்? உனக்கு மூக்குத் துடைத்துவிட்ட கை இது. இப்படி எழுத அதற்குக் கூச்சமாக இருக்கிறது. நான்தான், உன் அக்கா மோஸெல். அத்தை இறந்தபோது நான் நாலு வரி எழுதினேன், நீ ஐந்து வரி எழுதினாய். அதோடு ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்கு உன் சங்கத்துப் பையன் ஒருவன் வந்து பேசினான். கோட்டில் மூன்று கிரேக்க எழுத்து பேட்ஜ், தலையில் அரை டப்பா எண்ணெய். 'நம் ஸ்தாபகரின் வாழ்க்கை' என்று முக்கால் மணி நேரம். அனாதையாக வளர்ந்தாராம். பருத்திக் காட்டிலிருந்து கல்லூரிக்கு வந்தாராம். 1912இல், படிக்கிற வயதிலேயே, நம் கறுப்பு இனத்துப் பிள்ளைகளுக்காக மாணவர் சங்கம் தொடங்கினாராம். பிறகு போதகர், பள்ளிக்கூட முதல்வர், நானூறு பிள்ளைகள். எல்லாம் சரி. உன்னைப் படிக்கவைக்க ஒருத்தி பிளம் கிரீக்கில் ஊர்த் துணி துவைத்தாள் என்பது மட்டும் அந்த முக்கால் மணியில் வரவில்லை. அதற்காக நான் எழுதவில்லை. நான் அழுக்குத் துணியைப் பற்றிப் பெருமை பேசுகிறவள் இல்லை.

அந்தப் பையன் சொன்னான், சங்கத்தைத் தொடங்கியவர்கள் இரண்டு பேர் என்று. நீயும், பிரான்ஸில் போரில் செத்துப்போன ஜோப் ஹெண்ட்ரிக்ஸும். வெள்ளிவிழாவுக்குக் கல்லூரி முற்றத்தில் கல் நடப்போகிறார்களாம், அந்த இரண்டு பெயரும் பொறித்து. என் பக்கத்தில் மூன்றாவது ஆள் உட்கார்ந்திருந்தார், லூ. என் புருஷன் எஃப்ரெம் பர்டி. பையன் பேசி முடித்ததும் சபையிலேயே அதிகமாகக் கைதட்டியது அவர்தான். தட்டித் தட்டி இருமல் வந்து வெளியே கூட்டிக்கொண்டு போனேன்.

படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிறார், "நானூறு பிள்ளைங்களாம் மோ. பாத்தியா அவனை?"

அவருக்கு நுரையீரல் போய்விட்டது. இருபத்திரண்டு வருஷம் இரும்பு உருக்கும் ஆலையில் மணல் அச்சு தட்டினார். லத்தீன் வாத்தியார் ஆக வேண்டியவர். டாக்டர், கோடை வரட்டும் பார்க்கலாம் என்கிறார். அந்தப் 'பார்க்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் பெயரை அந்தக் கல்லில் போடு. அவர் கண்ணை மூடுவதற்குள் போடு. இவ்வளவுதான் நான் கேட்பது. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

மோஸெல் பர்டி

•

பிளம் கிரீக், ஜார்ஜியா
1937 ஜனவரி 24

அன்புள்ள அக்கா,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் ஒரு நாள் முழுவதும் சட்டைப் பையில் வைத்திருந்தேன். என் மனைவி கோராதான் சத்தம் போட்டாள். "அக்கா கடுதாசியக்கூட ஜெபம் பண்ணிட்டுத்தான் படிப்பீங்களோ?" என்றாள். உன்னை நினைவூட்டும் சில குணங்கள் அவளிடம் உண்டு.

எஃப்ரெமின் உடல்நிலையை எண்ணி மனம் கலங்குகிறது. டெட்ராய்டில் நம் சங்கத்தைச் சேர்ந்த நல்ல மருத்துவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு எழுதியிருக்கிறேன், உன் வீட்டுக்கே வந்து பார்ப்பார். இங்கே பள்ளிக்கூடம் வழக்கம்போல் நடக்கிறது. பருத்தி எடுப்பு முடிந்து பிள்ளைகள் திரும்பிவிட்டார்கள். அவர்கள் இல்லாத மாதங்களில் மறந்ததையெல்லாம் மறுபடி கற்றுத் தருகிறோம். ஒரு பெட்டியில் பெக்கான் கொட்டை, கரும்புப் பாகு, கோரா புகைபோட்ட சாஸேஜ் அனுப்புகிறேன்.

கல்லைப் பற்றி. அக்கா, கோபப்படாமல் படி. சங்கத்தின் சத்தியத்தை வெளியாரிடம் சொன்னவன் நீக்கப்படுவான் என்பது நாங்கள் மூவரும் சேர்ந்து எழுதிய விதி. 1912 ஈஸ்டர் திங்கள் பிக்னிக்கில் நீ அந்தச் சத்தியத்தை விரல்விட்டு எண்ணினாய். நீ அப்போது எஃப்ரெமுக்கு நிச்சயமானவள். அவனை அழைத்து, "நீ சொன்னாயா?" என்று கேட்டேன். அவன் பதில் பேசவில்லை. பேட்ஜைக் கழற்றி மேசைமேல் வைத்தான். தலைவன் என்ற முறையில் நான் கையெழுத்திட்டேன்.

இன்று நாற்பது ஊர்களில் நமக்குக் கிளைகள் இருக்கின்றன. புதிதாகச் சேரும் ஒவ்வொரு பையனையும் மண்டியிட வைத்து அந்தக் கதையைத்தான் முதலில் சொல்கிறார்கள். 'முதல் மூவரில் ஒருவன் வாய் திறந்தான், நாம் கதவை மூடினோம்' என்று. பெயர் சொல்வதில்லை. அந்தக் கதையின்மேல்தான் கட்டடமே நிற்கிறது. அதை நான் எப்படி உருவுவேன்? வேறு எது கேட்டாலும் செய்கிறேன்.

உன் தம்பி
லூஷியஸ்

•

டெட்ராய்ட்
1937 பிப்ரவரி 2

லூ,

அந்தக் கதையைச் சொல்லி மண்டியிட வைக்கிறீர்களா? பேஷ். இப்போது நான் ஒரு கதை சொல்கிறேன், நீ நின்றுகொண்டே கேள்.

நம் வீடு ஞாபகம் இருக்கிறதா? முன்னறை, பின்னறை, நடுவில் கதவு கிடையாது. மாவுச் சாக்கை வெட்டி நான் தைத்த திரை. பின்னறையில் என் இஸ்திரி மேசை. இஸ்திரிப் பெட்டி சூடாக வேண்டும் என்று முன்னறையில் எப்போதும் அடுப்பு எரியும். அதனால்தானே நீங்கள் மூன்று பேரும் அங்கே வந்தீர்கள்? கல்லூரி முதல்வரிடம் பைபிள்மேல் கைவைத்து, கோயிலின் நிலவறையைத் தவிர வேறெங்கும் கூடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது நீ. நிலவறையில் அடுப்பு இல்லை, விரல் விறைக்கிறது என்று வியாழக்கிழமைதோறும் நான் துணி கொடுக்கப் போகிற நேரமாகப் பார்த்து என் வீட்டில் கூடியதும் நீதான்.

முதல் வியாழன் பனிமழை பெய்தது. நான் போகவில்லை. பின்னறையில் டாக்டர் வீட்டுச் சட்டைகளுக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தேன். நீ முன்வாசல் வழியாக வந்தாய், மற்றவர்கள் இன்னும் வரவில்லை. வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்து, நடந்துகொண்டே சத்தியத்தை ஒத்திகை பார்த்தாய். அதுவும் எப்படி? பிரசங்கக் குரலில்! மெதுவாகப் பேச உனக்கு எப்போது தெரிந்தது? பொய் சொல்ல மாட்டேன், கற்றதை ஒளித்துவைக்க மாட்டேன், தாழ்ந்தவனைத் தாண்டிப் போக மாட்டேன், வாங்கிய சோற்றை மறக்க மாட்டேன், என் சகோதரன்மேல் விழும் பழியை நான் சுமப்பேன். ஐந்தையும் நாலு தடவை சொன்னாய். எனக்குக் கடைசிதான் ரொம்பப் பிடித்தது. நம் லூவா இது என்று பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்று கேட்டேன். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டதும், நீங்கள் சங்கடப்படக் கூடாதே என்று பின்வழியாக இறங்கிப் போய்விட்டேன்.

பிக்னிக்கில் நீ கூடையைத் தூக்க மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டாய். அந்தக் கடுப்பில்தான், "தாழ்ந்தவனைத் தாண்டிப் போக மாட்டேன்னு சொன்ன பெரிய மனுஷா" என்று ஐந்து விரலையும் நீட்டி எண்ணினேன். விளையாட்டுக்கு எண்ணினேன், லூ. நெட்டையாக உங்கள் சங்கத்துப் பையன் ஒருவன் முதல் இரண்டைக் கேட்டதுமே ஓடிப்போய் மற்றவர்களிடம் வத்தி வைத்துவிட்டான். எஃப்ரெம் அப்போது அங்கேயே இல்லை, மரத்தடியில் ஐஸ்க்ரீம் கடைந்துகொண்டிருந்தார்.

அவர் என்னிடம் மூச்சு விட்டதில்லை. அன்றும் இல்லை, இந்த இருபத்தைந்து வருஷத்திலும் இல்லை. வெளியே தள்ளப்பட்ட பிறகும் சத்தியம் சத்தியம்தானாம்.

விசாரணைக்கு முன்னால் நான் அவரிடம் ஓடினேன். நானே வந்து சொல்கிறேன், லூ வாயாலேயே கேட்டேன் என்று சொல்கிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் மோ. நீ சொன்னா, உங்க வீட்ல கூடினது தெரிஞ்சுபோகும். முதல்வர்கிட்ட அவன் வாக்கு குடுத்திருக்கான். வாக்குத் தப்பினவனுக்குப் பிரசங்க மேடை குடுக்க மாட்டாங்க. எனக்குப் போறது ஒரு பேட்ஜ். அவனுக்குப் போறது பிழைப்பே." என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். நானும் முட்டாள்போலக் கொடுத்தேன். ஆனால் போனது பேட்ஜ் மட்டும் இல்லை. சாப்பாட்டு மேசையில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெட்டியைக் கட்டினார்.

இன்று அந்த வாக்கை உடைத்துவிட்டேன். உன் டாக்டர் வந்தார், நல்ல மனுஷன், ஆனால் மாற்றிச் சொல்ல அவரிடமும் ஒன்றும் இல்லை. இப்போது சொல், என் புருஷன் பெயர் கல்லில் வருமா வராதா?

மோ

•

டெட்ராய்ட்
1937 பிப்ரவரி 21

லூ,

பெட்டி வந்தது. கடிதம் வரவில்லை.

யார் அனுப்பியது என்று கேட்டார். சபையில் கொடுத்தார்கள் என்றேன். ஒரு பெக்கானை உடைத்து வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். பிறகு, "கல்லூரிக்குப் பின்னாடி கிணத்தோரம் ஒரு மரம் இருக்கும். அது காய்தான் இவ்வளவு சின்னதா, இவ்வளவு எண்ணெயா இருக்கும்" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மீதியைத் தினமும் இரண்டிரண்டாகச் சாப்பிடுகிறார்.

எனக்குப் பதில் எழுத உனக்கு வார்த்தை கிடைக்கவில்லையா? ஞாயிறுதோறும் ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறதே.

மோ

•

பிளம் கிரீக்
1937 மார்ச் 7

அக்கா,

இந்தக் கடிதத்தை ஆறு முறை எழுதிக் கிழித்தேன். முதல் ஐந்திலும் 'எனக்குத் தெரியாமல் போயிற்றே' என்று தொடங்கினேன். அது பொய்.

நீ எழுதியதில் ஒன்று மட்டும் உனக்கே தெரியாது. எங்கள் சத்தியத்தில் நான்கு உறுதிகள்தான். ஐந்து எப்போதும் இருந்ததில்லை.

அந்த ஐந்தாவதை எழுதியவன் நான். அந்த வியாழன் அதை ஒத்திகை பார்த்தவனும் நான்தான். நாலு தடவை சொன்னேன் என்கிறாய். நாலாவது தடவை சொல்லும்போது பயம் வந்தது. இதை எவன் காப்பாற்றுவான், என்னால் முடியுமா என்று யோசித்தேன். எஃப்ரெமும் ஜோப்பும் படியேறி வருவதற்குள் பென்சிலால் அதை அடித்துவிட்டேன். தாளையும் அடுப்பில் போட்டேன். நான்கை மட்டும் வேறு தாளில் எழுதி அவர்களிடம் காட்டினேன். அப்படி ஒன்று இருந்ததே அந்த இருவருக்கும் தெரியாது. உலகத்தில் எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்தேன்.

ஈஸ்டர் திங்களன்று நீ விரலை நீட்டி எண்ணினாய். நான்கோடு நிறுத்தியிருந்தால் எஃப்ரெம்தான் சொன்னான் என்று நான் மெய்யாகவே நம்பியிருப்பேன். நீ கட்டை விரலையும் நீட்டினாய். 'என் சகோதரன்மேல் விழும் பழியை' என்றாய். அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. எஃப்ரெமுக்கே தெரியாததை எஃப்ரெம் எப்படிச் சொல்லியிருப்பான்? நீ கேட்டது என் வாயிலிருந்து. சத்தியத்தை வெளியே விட்டவன் நான்.

தெரிந்தேதான் அவனை நிற்கவைத்துக் கேட்டேன். அவன் மறுத்தால் என்ன செய்வது என்றுதான் பயந்தேன். அவன் மறுக்கவில்லை. பேட்ஜைக் கழற்றினான். எனக்கு வந்தது என்ன தெரியுமா, அக்கா? நிம்மதி. அதைச் சொல்லத்தான் இத்தனை தாள் கிழிந்தது.

அவன் ஏன் பேசவில்லை என்பது உன் கடிதம் வரும்வரை தெரியாது. உன்னைக் காப்பாற்றுகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னைக் காப்பாற்றினான் என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்தால் தாங்காது என்று நினைக்காமல் இருந்திருப்பேன். போதக உரிமை வாங்கினேன். முதல் சபையில் ஆளுக்கொரு பவுண்டு மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் கொண்டுவந்து மேசைமேல் குவித்து என்னை வரவேற்றார்கள். அந்த மேசையைப் பார்த்ததும் அழுதேன். தாழ்மையான மனுஷன் என்று ஊரே மெச்சியது. மேசையில் பேட்ஜ் வைத்தவன் ஞாபகம் வந்துதான் அழுதேன்.

வரும் ஈஸ்டர் திங்களன்று வெள்ளிவிழா மாநாடு இங்கேதான் கூடுகிறது. எழுந்து நின்று சொல்லப்போகிறேன். அதன்பிறகு பிஷப் என்ன செய்வார், பள்ளிக்கூடத்து நிர்வாகிகள் என்ன செய்வார்கள் என்று தெரியாது. கோராவிடம் நேற்று சொன்னேன். அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "அந்தக் கறுப்புக் கோட்டு வேணாம், பழுப்பைப் போட்டுக்குங்க. அதுல நீங்க மனுஷன் மாதிரி தெரிவீங்க" என்றாள்.

மன்னிப்புக் கேட்கும் தைரியம் இன்னும் வரவில்லை.

லூ

•

டெட்ராய்ட்
1937 மார்ச் 15

லூ,

உன் கடிதத்தை நின்றபடியே மூன்று தடவை படித்தேன். அடுப்பில் சோள ரொட்டி கருகிவிட்டது. அவர் உள்ளேயிருந்து, "என்னம்மா, ஊரையே கொளுத்துறியா?" என்று கேட்டார்.

இருபத்தைந்து வருஷமாக உன்னை முட்டாள் என்று நினைத்திருந்தேன். படித்த முட்டாள், சட்டம் பேசி வீணாய்ப் போனவன் என்று. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. முட்டாள் தம்பியைத் திட்டிக்கொண்டே பிரியமாக இருக்க முடியும். இப்போது நான் யாரைத் திட்டுவது? முந்தாநாள் உன்மேல் வந்த கோபத்தில் தலையணை உறையை இரண்டாகக் கிழித்தேன். நேற்று அதைத் தைத்தேன். தைக்கும்போது வேறொரு நினைப்பு வந்தது. அம்மா போனபோது உனக்கு ஏழு வயது. ஜாடியை உடைத்துவிட்டுப் பழியை அடுத்த வீட்டுப் பூனைமேல் போட்டாய். ராத்திரி படுக்கையில் என் காதுக்குள் "பூனை இல்லக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் தூங்கினாய். அதேபோல் சொல்லியிருக்கக் கூடாதாடா? நான் அப்போதும் உன் பக்கத்தில்தானே இருந்தேன்?

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் உன்னைத் தடுக்கச் சொல்வார் என்று தெரியும். நானூறு பிள்ளைகள் என்பார். எனக்கும் அது உறுத்துகிறது. உன்னை அனுப்பிவிட்டால் அந்தப் பிள்ளைகள் என்ன ஆகும் என்று சபையில் உட்கார்ந்து யோசித்தேன், பாட்டுக்கூடக் காதில் விழவில்லை. வேண்டாம், விட்டுவிடு என்று எழுதத்தான் பேனா எடுத்தேன்.

ஆனால் அவர் தினமும் அந்தச் சங்கத்துப் பையன் விட்டுப்போன புத்தகத்தை எடுத்து, கல்லூரி முற்றத்துப் படத்தைப் பார்க்கிறார். கல் எங்கே வரும் என்று என்னிடம் விரல் வைத்துக் காட்டுகிறார். சொல், லூ. எழுந்து நின்று சொல்.

போகும்முன் சாப்பிடு. வெறும் வயிற்றில் உனக்குத் தலை சுற்றும்.

அக்கா

•

பிளம் கிரீக்
1937 மார்ச் 31

அக்கா,

சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். முட்டை, சாஸேஜ், இரண்டு பிஸ்கட். கோரா எதிரில் உட்கார்ந்து எண்ணினாள்.

கல்லூரிக் கூடத்தில் முந்நூறு பேர். முதல் வரிசையில் இந்த வருஷம் சேர்ந்த பையன்கள். என் பேச்சுக்கு 'சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டுகள்' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். எழுந்து, 1912 ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை பனிமழை பெய்தது என்று தொடங்கினேன். திரை, இஸ்திரி, என் குரல், ஐந்தாவது உறுதி, எஃப்ரெம், எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கமாக நான் பேசினால் 'ஆமென்' என்றும் 'சொல்லுங்க ரெவரெண்ட்' என்றும் குரல் வந்துகொண்டே இருக்கும். அன்று ஒரு நாற்காலிகூட முனகவில்லை.

சங்கத்தின் இப்போதைய தலைவர் கேல்வின் ஸ்ட்ரோட், வழக்கறிஞர், நான் எழுத்துக் கற்றுக்கொடுத்த பிள்ளை. அவன்தான் முதலில் வாய் திறந்தான். "தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டீங்களா, ரெவரெண்ட்?"

"தெரிஞ்சேதான், தம்பி."

பின்னால் ஒருவன் எழுந்தான். "என்னை மண்டி போட வெச்சு அந்தக் கதையச் சொன்னாங்க. அந்த மனுஷனைத் திட்டி ஒரு பாட்டே இருக்கு. நாங்க நடந்துபோகும்போது பாடுவோம். நீங்க ஓரமா நின்னு கேட்டிருக்கீங்க. ஏன் ரெவரெண்ட் நிறுத்தச் சொல்லல?"

பயத்தில்தான் என்றேன். விதிப்படி சத்தியத்தை வெளியே விட்டவன் நீக்கப்பட வேண்டும் என்று நினைவூட்டினேன். என் பேட்ஜைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். கழற்றும்போதுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. ஊசி துணியில் மாட்டிக்கொள்கிறது. எஃப்ரெமுக்கு அப்போது வயது இருபத்தொன்று.

மாலைவரை சண்டை போட்டார்கள். நான் வெளியே கிணற்றோரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கேல்வின் வந்தான். அழுதிருந்தான், மறைக்கவில்லை. "எஃப்ரெம் பர்டி பேரு மொதல்ல வரும். அதுல யாருக்கும் ரெண்டு பேச்சு இல்ல. அந்தப் பாட்டை இனி எவனும் பாட மாட்டான். உங்க பேரு இருக்கணுமா வேணாமான்னு நாங்க முடிவு பண்ணல. அது பர்டி அண்ணனோட பாத்தியதை. அவர் என்ன சொல்றாரோ அதையே கல்லுல வெட்டுவோம்."

ஆகையால் அவனிடம் கேள், அக்கா. அவன் வேண்டாம் என்றால் வேண்டாம். அவன் பேசாமல் இருந்தாலும் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஒருமுறை அவன் பேசாமல் இருந்ததை என் வசதிக்கு எடுத்துக்கொண்டேன், இனி அப்படிச் செய்ய மாட்டேன். கல்வெட்டுகிறவர் இரண்டு வாரம் காத்திருப்பார்.

பள்ளிக்கூடத்து நிர்வாகிகளிடம் ராஜினாமா கொடுத்தேன். பரீட்சை முடியும்வரை வாங்க மாட்டோம் என்றார்கள். பிஷப் நவம்பரில் என்னை எந்தச் சபைக்கு அனுப்புவாரோ, அது அவர் இஷ்டம்.

இதோடு ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது. அன்று அவன் மேசைமேல் வைத்த பேட்ஜ். இருபத்தைந்து வருஷமாக என் இழுப்பறையில் இருந்தது. தூக்கிப் போடவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. அவனிடம் கொடுத்துவிடு.

லூ

•

டெட்ராய்ட்
1937 ஏப்ரல் 8

லூ,

நேற்று அவரைச் சுவரோரம் சாய்த்து உட்காரவைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். நான் வாக்கை உடைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். ஒன்றுவிடாமல் கேட்டார். நான்தான் இரண்டு தடவை நிறுத்தினேன். அவர், "படி மோ, படி, நல்லாத்தான் எழுதுறான்" என்றார்.

நீ தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டாய் என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் தண்ணீர் வடிந்தது. "அப்போ எனக்குத் தெரிஞ்சது அவனுக்கும் தெரியுமா? ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கிட்டு நின்னோமா? சொல்லியிருந்தா பாரம் கொறஞ்சிருக்குமே, மோ" என்றார். வலித்தது, லூ. வலிக்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

பேட்ஜை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கறுத்துப் போயிருந்தது. என் ஏப்ரன் முனையில் சாம்பல் தொட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். பைஜாமா சட்டையில் குத்திக்கொண்டார். இப்போதும் அதோடுதான் படுத்திருக்கிறார். குத்திவிடப் போகிறது என்றால் கேட்பதில்லை.

அப்புறம் கேட்டார், "அந்த அஞ்சாவது என்னது? அவன் அடிச்சது? படிக்கும்போது அதை முழுங்கிட்ட."

உங்கள் சத்தியத்தை நான் சொல்லலாமா என்று கேட்டேன். "அது சத்தியத்துலயே இல்லையே, தாராளமாச் சொல்லு" என்றார். என் சகோதரன்மேல் விழும் பழியை நான் சுமப்பேன் என்று சொன்னேன்.

அவர் சிரித்தார், லூ. சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். "அடேயப்பா! நல்லவேளை அதை அடிச்சுட்டான். யாரால முடியும் அதெல்லாம்?" என்றார்.

கிண்டலாகச் சொல்லவில்லை. மெய்யாகவே அப்படித்தான் நினைக்கிறார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய், ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றேன்.

கல்லைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மூணு பேரு தொடங்கினோம். மூணு பேரையும் வெட்டச் சொல்லு. ஜோப் மொதல்ல, அவன்தான் செத்துப்போனவன். அடுத்தது லூ. நான் கடைசி, எனக்குக் கடைசியா நிக்கப் பழக்கம்." என் பெயரையும் ஓரமாகப் போடச் சொல்லவா என்று என்னைச் சீண்டினார். வேண்டாம் சாமி, ஒரு பொம்பளை பெயரைப் பார்த்தால் உங்கள் பையன்கள் மயங்கி விழுவார்கள் என்றேன்.

பரீட்சை முடியும்வரை காத்திருக்காதே. மற்ற வாத்தியார்கள் பத்து நாள் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். சின்சினாட்டிவரை ரயிலில் நம் கறுப்பு ஆட்களுக்கு ஒதுக்கிய முன்பெட்டியில்தான் வர வேண்டும், இன்ஜின் கரி முழுக்க உன் முகத்தில் படியும், பரவாயில்லை, இங்கே வெந்நீர் இருக்கிறது. அந்தக் கிணற்றோரத்துப் பெக்கான் கொஞ்சம் கொண்டு வா. இன்னும் ஆறுதான் மிச்சம், தினமும் இரண்டு என்பதை ஒன்றாகக் குறைத்திருக்கிறார்.

எங்கள் வீட்டிலும் இரண்டு அறைக்கு நடுவே கதவு கிடையாது. திரைதான். நீ முன்னறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து என்ன சொல்ல வேண்டுமோ சொல். நான் பின்னறையில் துணிக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருப்பேன். வழக்கம்போல் சத்தமாகவே பேசு. அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம்.

அக்கா